பிளாஸ்டிக் பல்லுக்கு எந்த எண்ணெய்?



அம்பர்நாத் எண்ணெயை அறிந்த ஊர். 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டுடைய சிவன் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரில், சென்ற நூற்றாண்டில் படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. இயந்திரக் கருவி மாதிரித் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் மாநில அரசின் தொழிற்பேட்டையும் வந்து சேர்ந்தது. வேலை நாடித் தெற்கிலிருந்து வந்த நம்மவர் பலர், கடைசல் இயந்திரத்தின் முன்னும் பல் வெட்டும் இயந்திரத்தின் முன்னும் தம் இளமையைக் கழித்தனர். 2021 அக்டோபர் முதல் நாள் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அம்பர்நாத்தின் இயந்திரக் கருவித் தொழிற்சாலையும் ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் அமைந்தன. இரும்பின் வழியாக இவ்வூருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு இன்றும் தொடர்கின்றது.

இத்தகைய ஊரில் பல்சக்கரத்துக்கு எந்த எண்ணெய் என்று வினவினால் வீட்டுக்கொரு விடை கிடைக்கும். ஆனால் அவ்விடைகள் பெரும்பாலும் இரும்புப் பல்லுக்கு உரியவை. பேரன் கையில் இருக்கும் விளையாட்டுக் காரின் பல்லோ பிளாஸ்டிக்கால் ஆயது. அப்பல்லுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வானொலி அலையால் ஓடும் வண்டியைப் பற்றி வானொலியில் பேசுவது முறையே என்று நேயர்கள் பொறுத்தருள்வார்கள் என நம்புகிறோம்.

கையடக்கமான ஒரு பெட்டியின் விசையைத் திருப்பினால் தொலைவில் ஓடும் இவ்வண்டிகளுள், ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-இல் வெளியிட்ட போர்ஷே 934 என்னும் மின்மோட்டார் வண்டி புகழ் வாய்ந்தது. இன்று இவை பல நாடுகளில் செய்யப்படுகின்றன. மும்பையில் கிராஃபோர்டு சந்தை வட்டாரத்தில் விளையாட்டுப் பொருளாகவும், லாமிங்டன் சாலை வட்டாரத்தில் மின்னணுப் பொருளாகவும் இவற்றைத் தேடிச் செல்வோர் உண்டு. விலை சில நூறு ரூபாயிலும் இருக்கும்; ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் அளவிலும் இருக்கும். மலிவான வண்டியில் பல் தேய்ந்தால் மாற்றுப் பல் கிடைப்பதில்லை. விலை மிக்க வண்டியில் மாற்றுப் பல் கிடைக்கும். ஆனால் கடல் கடந்து வரவேண்டும். ஆகையால் இருக்கும் பல்லைக் காப்பது இரு சாராருக்கும் வேண்டுவதே.

முதலில் டிபரன்ஷியல் என்பது எதற்கு என்று பார்ப்போம். கலைச்சொல் நூல்களில் இதனை வேறுபாட்டுப் பல்லிணை என்பர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அச்சொல் உவப்பானதே. ஆயினும் பட்டறையில் அச்சொல்லைச் சொல்லிப் பொருள் வாங்க இயலாதாகையால் டிபரன்ஷியல் என்றே கூறுவோம். மாட்டு வண்டியில் அச்சு சுழல்வதில்லை. சக்கரங்கள் இரண்டும் அச்சின் மேல் தனித்தனியே சுழல்கின்றன. வண்டி வளையும்போது வெளிப்புறச் சக்கரம் மிகுதியாகவும் உட்புறச் சக்கரம் குறைவாகவும் சுழன்றுகொள்ளும். மாடு முன்னே இழுக்கிறது. சக்கரத்துக்கு வேலை உருளுவது மட்டுமே. மோட்டார் வண்டியில் நிலைமை வேறு. அங்கே இழுப்பவையே சக்கரங்கள். இரண்டையும் ஒரே விசை சுழற்றவேண்டும். வளைவில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். ஒன்றோடொன்று ஒவ்வாத இவ்விரு தேவைகளையும், சிறு கூட்டுக்குள் எதிரெதிராக அமைந்த சாய்வுப் பல்சக்கரங்கள் நிறைவேற்றித் தருகின்றன. லாரியில் அவை எஃகினால் ஆயவை. விளையாட்டு வண்டிகள் பலவற்றில் நைலானாலோ, அசிட்டால் என்னும் பிளாஸ்டிக்காலோ ஆயவை. டெல்ரின் என்று வணிகர் கூறுவது அசிட்டாலின் ஒரு வகையே.

நைலானும் அசிட்டாலும் இயல்பாகவே வழுக்கும் தன்மையுடையவை. எண்ணெயே இல்லாமலும் சிறிது காலம் ஓடும். துருப்பிடிப்பதில்லை; ஓசையும் குறைவு. இத்தனை நற்குணங்களுக்கும் ஈடாக ஒரு குறை உண்டு. அவை வெப்பத்தைக் கடத்தமாட்டா. எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறனில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கே பிளாஸ்டிக்குக்கு உண்டு. இரும்புப் பல்லில் உராய்வால் தோன்றும் வெப்பம் சக்கரம் முழுவதும் பரவி, அச்சின் வழியே வெளியேறிவிடும். பிளாஸ்டிக் பல்லிலோ தோன்றிய இடத்திலேயே தங்கும். அசிட்டால் 175 பாகை சென்டிகிரேடுக்கு அருகில் உருகுவது; ஆயினும் உருகுமுன்னரே, அதனினும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே மென்மையுற்று வளையத் தொடங்கிவிடும். வளைந்த பல் அடுத்த பல்லோடு சரியாகப் பொருந்தாது, பொருந்தாத பல் மேலும் உராயும், மேலும் சூடேறும். இரும்புக்கு எண்ணெயிடுவோர் முதலில் தேய்மானத்தை எண்ணுவர். பிளாஸ்டிக்குக்கு எண்ணெயிடுவோர் முதலில் வெப்பத்தை எண்ணவேண்டும்.

இது விளையாட்டுப் பொருளோடு நின்றுவிடும் செய்தியன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் செந்தில்வேலன், ஞானமூர்த்தி ஆகிய அறிஞர்கள், நைலான் 66 கொண்டு வார்த்த பல்சக்கரங்களைச் சுமையேற்றி ஓட்டி, அவை எவ்வாறு சிதைகின்றன என்பதை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டுள்ளனர். வெறும் நைலான், கண்ணாடி இழை கலந்த நைலான், கரி இழை கலந்த நைலான் என மூவகைச் சக்கரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பல்லின் அடியில் வெடிப்பதும், பல்லின் நடுவே விரிசல் காண்பதும், தேய்ந்து மெலிவதும் எனச் சிதைவு பல வடிவம் கொள்வதை அத்தகைய ஆய்வுகளே நமக்குக் காட்டின. அச்சுப்பொறியிலும் காரின் கண்ணாடித் துடைப்பானிலும் இன்று பிளாஸ்டிக் பற்களே சுழல்கின்றன.

அம்பர்நாத்தில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் பொருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனின் வண்டி கரகரவென்று ஒலித்ததும், அதனைத் திருகு திருகாகக் கழற்றினார். பாகங்கள் யாவற்றையும் பெட்ரோலில் கழுவினார். உலர்த்தி, சக்கரத் தாங்கிக்கு இடும் கிரீஸை நிரம்ப அப்பி, பழையபடி பூட்டினார். வேலை வெகு சுத்தம். பத்து நாளில் பல்பெட்டி திருகு பூட்டிய இடங்களிலெல்லாம் நட்சத்திரம்போல் வெடித்தது. உள்ளிருந்த பற்களோ ஒரு கீறலுமின்றி இருந்தன. “இரும்பு இப்படிச் செய்யாதே!” என்று அவர் திகைத்தார். பேரன் ஒன்றும் சொல்லவில்லை; அவன் சொல்லாததுதான் அவரை வருத்தியது. பெரியவரின் கைத்திறனில் பழுதில்லை. அவர் நன்கறிந்த பொருள் ஒன்று. மேசைமேல் இருந்த பொருள் வேறு.

நடந்தது இதுதான். பல் நைலானால் ஆயது. நைலானைப் பெட்ரோல் தீண்டாது. பெட்டி ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆயது. ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் ஆகியவை பெட்ரோல், தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பான்களுக்கு ஆற்றாதவை. அதிலும் திருகின் இறுக்கத்தால் முன்னமே விசை தாங்கி நிற்கும் இடத்தில் கரைப்பான் பட்டால், அங்கேயே வெடிப்புத் தொடங்கும். வெடிப்பு உடனே தோன்றாது என்பதுதான் இதிலுள்ள வஞ்சனை. ஆகவே எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது பல்லை மட்டும் பார்த்தால் போதாது. பல் இருக்கும் கூட்டையும், கசிவு தடுக்கும் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும். சிலிகோன் ரப்பர் சிலிகோன் எண்ணெயில் ஊதிப்போகும். தன்னினத்தைக் கண்டால் உறிஞ்சிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. பாகங்களைக் கழுவுவதற்கு வெந்நீரல்லாத சாதாரண நீரும், பாத்திரம் துலக்கும் சோப்பும், பழைய பல்துலக்கியும் போதும்.

லாரியின் டிபரன்ஷியலில் ஊற்றும் 90 எண் எண்ணெயைச் சிலர் பரிந்துரைப்பர். அவ்வெண்ணெயில் கந்தகமும் பாஸ்பரமும் அடங்கிய மருந்துகள் கலந்துள்ளன. எஃகுப் பற்கள் பெருஞ்சுமையில் ஒன்றையொன்று நெருக்கிச் சூடேறும்போது, அம்மருந்துகள் எஃகின் மேற்பரப்போடு கூடி மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. பிளாஸ்டிக்கில் கூடுவதற்கு எஃகு ஏது? மருந்து வீணே, சில பிளாஸ்டிக்குகளுக்குத் தீங்காகவும் முடியலாம்.

இனி, அடுக்களை எண்ணெய்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்கு அருகில் உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதக் காலைகளில் அம்பர்நாத்தில் அது வெண்மையாகக் கட்டிக்கொள்வதை இல்லத்தரசியர் அறிவர். அதே கட்டு பல்பெட்டிக்குள்ளும் நிகழும்; நாள்பட்டால் சிக்கெடுத்துப் பிசினாகும். நல்லெண்ணெயும் அவ்வாறே பிசுக்கேறும். தையல் இயந்திர எண்ணெய் நைலானுக்கும் அசிட்டாலுக்கும் தீங்கற்றது. ஆயின் மிக மெல்லியது. வேகமாகச் சுழலும் பல்லில் நில்லாமல் சிதறிவிடும். உலோகத் தாங்கிக்குத் துளி விடலாம்.

விளக்கெண்ணெயைப் பற்றித் தனியே கூறவேண்டும். நம் ஊர்களில் வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டியின் அச்சுக்கு மையிட்டனர். உப்பு வணிகர் மேடு பள்ளங்களை எண்ணி மாற்று அச்சு ஒன்றையும் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூறு கூறுகிறது. அச்சு என்றும் கவலைக்குரிய உறுப்பாகவே இருந்திருக்கிறது. முதல் உலகப் போரின் விமானங்கள் பலவற்றிலும் விளக்கெண்ணெயே மசகாக இருந்தது. மெத்தனாலில் ஓடும் சிறு எஞ்சின் பூட்டிய விளையாட்டுக் கார்களின் எரிபொருளில் இன்றும் அது கலக்கப்படுவதுண்டு. இன்னும் வியப்பு, நைலான் 11 என்னும் பிளாஸ்டிக்கே ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படுவது. இத்தனை பெருமையுடைய எண்ணெயை டிபரன்ஷியலில் ஊற்றினால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். விடை காண, பாகுநிலை என்பதை அறிந்துகொள்ளவேண்டும்.

ஒரு நீர்மம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கமே பாகுநிலை. அதனைச் சென்டிஸ்டோக்ஸ் என்னும் அலகால் அளப்பர். 20 பாகை வெப்பத்தில் நீரின் பாகுநிலை 1. விளக்கெண்ணெயின் பாகுநிலை அவ்வெப்பத்தில் ஏறக்குறைய 1000. ஆனால் 40 பாகைக்குச் சூடேறினால் அது 250 அளவுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்காக, இறங்கிவிடும். சிலிகோன் எண்ணெயோ அதே வெப்ப ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் நிற்கும். காலையில் ஒரு குணம், சித்திரை வெயிலில் ஒரு குணம் என்று வண்டி மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். சிலிகோன் பெரும்பாலான பிளாஸ்டிக்குகளையும் தீண்டுவதில்லை. மணலிலிருந்து பெறும் சிலிக்கான் என்னும் தனிமமும் இந்தச் சிலிகோனும் ஒன்றல்ல என்பதை, இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சிடும் கடைப் பலகைகளை முன்னிட்டு, இடையே சொல்லிவைக்கிறோம்.

விளையாட்டு வண்டிக்கான சிலிகோன் எண்ணெய் 1000 முதல் பல இலட்சம் சென்டிஸ்டோக்ஸ் வரை சிறு குப்பிகளில் கிடைக்கிறது. லாரியின் 90 எண் எண்ணெய் 40 பாகையில் 200 சென்டிஸ்டோக்ஸை ஒட்டியதே. பத்து டன் ஏற்றும் லாரிக்கு 200. இரண்டு கிலோ எடையுள்ள பொம்மைக்கு 5000! இங்கேதான் இப்பொருளின் உயிர் இருக்கிறது. லாரியில் எண்ணெய் பல்லைக் காக்கிறது. அவ்வளவே அதன் கடமை. விளையாட்டு வண்டியின் மூடிய டிபரன்ஷியலில் எண்ணெய் பல்லைக் காப்பதோடு, அதனை அடக்கவும் செய்கிறது. வெற்று டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால், விசையெல்லாம் அச்சக்கரத்துக்கே ஓடிவிடும். அது காற்றில் வீணே சுழலும். தரையிலுள்ள சக்கரம் சோம்பி நிற்கும். கூட்டுக்குள் தடித்த எண்ணெய் நிறைந்திருந்தால், ஒரு சக்கரம் மற்றதை விட்டு வெகுவாக விரைந்துவிட அது இடங்கொடாது. எனவே எண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர், வண்டி எவ்வாறு வளையவேண்டும் என்பதையும் தேர்ந்தெடுத்தவராகிறார்.

நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டிகளில் பின்புறத்துக்கு 1000 முதல் 5000 வரையும், முன்புறத்துக்கு 5000 முதல் 10,000 வரையும் இடுவது பெருவழக்கு. பின்புறம் தடித்த எண்ணெயிட்டால் வளைவிலிருந்து வெளிவரும்போது இரு சக்கரமும் ஒருங்கே தள்ளும். வழுக்குத் தரையில் வால்புறம் வீசிவிடும். முன்புறம் மெல்லியதாயின் வளைவில் எளிதில் நுழையும். தடித்ததாயின் வளைவிலிருந்து நேராக இழுத்துச் செல்லும். மராத்தியர் முரூம் என்பதை நாம் முரம்பு என்கிறோமே, அத்தகைய செம்மண் திடலில் மழை பெய்து சறுக்கினால் ஒரு படி மெல்லிய எண்ணெய் உதவும். எந்த எண் உகந்தது என்பதை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஒரு வேளையில் முன்புறம் பின்புறம் இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்பது விளங்காது.

எண்ணெயைக் கூட்டின் விளிம்பு வரை ததும்ப ஊற்றலாகாது. பற்கள் மூழ்கி, மேலே சிறிது வெற்றிடம் இருக்கட்டும். சூட்டில் எண்ணெய் விரியும். இடமில்லாவிடில் வளையத்தைத் தள்ளிக்கொண்டு கசியும். ஊற்றியபின் பல்லை மெல்லத் திருப்பி, காற்றுக் குமிழிகள் எழும்வரை காத்திருந்து மூடுக. மூடிக்கு அடியில் வைக்கும் தாள் வளையம் கிழிந்திருந்தால் எவ்வளவு நல்ல எண்ணெயும் நில்லாது. மலிவான வண்டிகளின் கூட்டில் அவ்வளையமே இருப்பதில்லை. அங்கே நீர்மம் பயனற்றது, கிரீஸ்தான் வழி. கிரீஸ் என்பது எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சவர்க்காரம். பிளாஸ்டிக்குக்கு ஏற்றதெனக் குறிப்பிட்ட வெள்ளைக் கிரீஸ், அல்லது சிலிகோன் கிரீஸ், பல்லின் முகத்தில் மெல்லப் பூசும் அளவே போதும். சிலிகோன் கிரீஸை இரும்போடு இரும்பு உராயும் இடத்தில் இடாதீர்கள். அங்கே அது சுமை தாங்காது. கையில் ஒட்டிய சிலிகோனைக் கழுவாமல் வண்டியின் மேற்கூட்டுக்கு வண்ணம் பூசினால் வண்ணம் ஒட்டாது.

கூட்டுக்கு வெளியே, மோட்டாரின் சிறு பல்லோடு சேர்ந்து திறந்தவெளியில் சுழலும் பெரிய பல்சக்கரத்துக்கு எண்ணெயே வேண்டா என்பது நம் துணிபு. கிரீஸ் பூசிய திறந்த பல்லில் முரம்புத் தூசி ஒட்டினால், அது சாணைக்கல் மாவைப் பூசியது போலாகும். உலர்ந்த நிலையிலேயே ஓடட்டும். மனம் கேளாவிடில், டெஃப்லான் தூள் கலந்து, உலர்ந்தபின் ஈரம் தங்காத தெளிப்பு மசகு உண்டு; மேற்கூட்டையும் ஏ.பி.எஸ். பாகங்களையும் கழற்றி வைத்துவிட்டு அதனைத் தெளிக்கலாம்.

கடலோர மாநிலத்தில் வாழ்வோர் மறவாதிருக்க வேண்டிய ஒன்று, நைலான் நீரை உறிஞ்சும். நைலான் 6 நீரில் ஊறி நிறைவுற்றால் தன் எடையில் நூற்றுக்கு 9 பங்கு வரை நீர் கொள்ளும். அசிட்டால் நூற்றுக்கு ஒரு பங்கும் கொள்ளாது. மே மாதத்தில் உலர்ந்திருந்த நைலான் சக்கரம், ஜூலை மழையின் ஈரக்காற்றில் சிறிது பருக்கும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நூற்றுக்கு அரைப் பங்கு பருத்தாலும் 0.2 மில்லிமீட்டர் கூடிவிடும். கோடையில் பற்களை நெருக்கிப் பூட்டியவர்கள் மழையில் அவை இறுகிச் சூடாவதைக் காண்பார்கள். எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. இரு பற்களுக்கிடையே மெல்லிய தாள்துண்டு ஒன்றை ஓடவிட்டு, அது கிழியாமல் மடிப்பு மட்டும் விழும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பூட்டுதல் வேண்டும். நைலானுக்கு நீரே கூடாது என்றும் எண்ணவேண்டா. முற்றும் உலர்ந்த நைலான் எளிதில் நொறுங்கும். புதிய நைலான் பாகங்களை நீரில் கொதிக்கவைத்து உறுதியாக்கிக்கொள்வோரும் உளர்.

பற்களுக்கு மாறாகச் சிறு எஃகுக் குண்டுகள் அமைந்த டிபரன்ஷியலும் உண்டு. அதில் குண்டுகளுக்குச் சிலிகோன் கிரீஸும், ஓரத்திலுள்ள அழுத்தத் தாங்கிக்கு மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸும் இடுவது வழக்கம். இரண்டையும் இடம் மாற்றி இட்டால் இரண்டும் கெடும்.

இறுதியாக, குப்பி வாங்குவது பற்றி. வேண்டிய எண் கிடைக்காதபோது இரண்டு எண்களைக் கலந்துகொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் சிலிகோன் எண்ணெயாக இருப்பது நலம். ஆனால் கணக்கு நாம் எண்ணுவதுபோல் வராது. 1000-ஐயும் 10,000-ஐயும் சரிபாதி கலந்தால் 5500 வாராது. ஏறக்குறைய 3000-ஐ ஒட்டியே நிற்கும். 5000-ஐயும் 10,000-ஐயும் கலந்தால் 7000 அளவில் நிற்கும். மெல்லியது எப்போதும் தன் பக்கம் இழுக்கும். சில குப்பிகளில் சென்டிஸ்டோக்ஸ் என்பதற்கு மாறாக வெயிட் என்று மட்டும் எண் குறித்திருப்பார்கள். ஒரு நிறுவனத்தின் 30 வெயிட்டும் மற்றொன்றின் 30 வெயிட்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. சி.எஸ்.டி. என்னும் மூன்றெழுத்துள்ள குப்பியைக் கேட்டு வாங்குங்கள். வாங்கி வந்தபின், ஊற்றிய எண்ணையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, பல்பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள்.